உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஆளுநர், இரண்டு கையெழுத்து

தூக்குக் கைதிக்குக் கருணை காட்ட குடியரசுத் தலைவருக்கு அரசியல் சாசனத்தின் 72வது பிரிவும், ஆளுநருக்கு 161வது பிரிவும் இடம் தருகின்றன. ஆனால் இருவரும் அமைச்சரவை சொல்படிதான் நடக்க வேண்டும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகியோரின் கருணை மனுக்களை 1999 அக்டோபரில் தமிழக ஆளுநர் பாத்திமா பீவி தள்ளுபடி செய்தார். அமைச்சரவையைக் கேட்காமலேயே! உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர் அவர். சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அந்த உத்தரவை ரத்து செய்தது. 2000 ஏப்ரலில், அமைச்சரவைப் பரிந்துரைப்படி நளினியின் தூக்கு மட்டும் ஆயுளாகக் குறைந்தது.

அடுத்த சர்ச்சை 2001 மே 14 அன்று. புவனகிரி உட்பட நான்கு தொகுதிகளில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட ஜெயலலிதாவை முதல்வராக நியமித்தார் அதே பீவி. ஜூலையில் பீவி பதவி விலகினார். செப்டம்பர் 21 அன்று அந்த நியமனம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், அன்றிரவே ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார்.

ராஜீவ் வழக்கில் மற்ற மூவரின் கருணை மனுக்களை 2011ல் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் நிராகரிக்க, செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளும் குறித்தாயிற்று. ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2014ல் தண்டனை ஆயுளானது. 2018ல் விடுதலைக்குப் பரிந்துரைத்தது அமைச்சரவை. ஆளுநர் மாளிகையோ கோப்பை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு டெல்லிக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் 2022 மே 18 அன்று பேரறிவாளனை விடுவித்தது உச்ச நீதிமன்றம்தான்.