நூற்றுப் பத்துக்குள் ஒரு சந்தோஷம்

மூன்று கதவுக் காரின் பின்பக்கத்தில் குழந்தை இருக்கையைப் பொருத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவும் ஒரு யோகாசனம்தான். முன் இருக்கையை மடக்க வேண்டும். இடுப்பை வளைத்து உள்ளே நுழைய வேண்டும். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் பெல்ட். ஜொகூர் பாருவின் மதிய வெயிலில் இதைச் செய்து முடிப்பதற்குள் பிள்ளையும் அழும், நமக்கும் அழுகை வரும்.

2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். என் மகளுக்கு இரண்டு வயதாகப் போகிறது. என் காருக்கு இருபதைத் தாண்டிவிட்டது. இருவரில் ஒருவருக்கு மாற்று ஏற்பாடு செய்தாக வேண்டும் என்ற நிலையில், நான் மாற்றக்கூடியது காரை மட்டும்தான்.

என்னுடையது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1990களின் இறுதியில் வந்த வண்டி. 1.8 லிட்டர் மிட்சுபிஷி இயந்திரம், ஏறக்குறைய 140 குதிரைசக்தி, ஐந்து கியர் மேனுவல். பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் 1996இல் தன்வசமாக்கியிருந்ததால், இந்தக் காரின் சஸ்பென்ஷனைச் செதுக்கிக் கொடுத்தவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். வளைவில் திருப்பினால் கார் தயங்காது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்குச் சாலையின் மணலும் ஈரமும்கூடத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய காராக வாங்கினேன். சம்பளத்தில் பாதி அதற்குப் போன மாதங்களும் உண்டு.

‘ஹாட் ஹேட்ச்’ என்றால் என்ன?

வீட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றும் அதே சின்னக் கார், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுபவரைச் சிரிக்க வைக்க வேண்டும். இதுதான் எனக்குத் தெரிந்த எளிய விளக்கம். இந்த வகையைப் பிரபலமாக்கியது 1976இல் வந்த வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. 5,000 கார்கள் விற்றால் போதும் என்றுதான் அதைத் தயாரித்தார்கள். உலகமே அதன் பின்னால் வரிசை கட்டியது.

அந்த முதல் ஜிடிஐயின் சக்தி 110 குதிரைசக்தி. இன்று நம் தாமானில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டி ஹேட்ச்பேக்கின் சக்தி 121. அப்படியிருந்தும் அந்தப் பழைய கார் உலகத்தை மயக்கியதற்கு முக்கியக் காரணம் அதன் எடை. 800 கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாக் கார்களுக்கும் இதுதான் அளவுகோல்.

ஏன் மாற்ற வேண்டும்?

கதவு மட்டும் காரணமில்லை. காலை நிகழ்ச்சிக்காக நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் நான். அந்நேரத்திலேயே சிங்கப்பூர் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் ஜொகூர் பாலத்தை நோக்கி ஆறுபோல ஓடும். ஆண்டிறுதி மழையில் சாலை கண்ணாடிபோல மின்னும். முன்னால் ஒரு தம்பி சறுக்கி விழுந்தால், அவனைக் காப்பாற்ற என் காலும் நாலு டயரும் மட்டும்தான். அவசரமாக ஒடிக்கும்போது கார் தடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு என் காரில் இல்லை. அது வந்த காலத்தில் சின்னக் கார்களில் இதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இன்று எதிர்பார்க்காமல் இருக்க முடியாது.

அதனால் நான்கு நிபந்தனைகள் எழுதினேன். ஐந்து கதவு. ஐசோஃபிக்ஸ் கொக்கி. நிலைப்புக் கட்டுப்பாடு. நான்காவதாக, ஓட்டும்போது ஒரு சந்தோஷம். முதல் மூன்றையும் கேட்டுத் தலையாட்டிய என் கணவர், நான்காவதை மட்டும் இரண்டு முறை படித்தார்.

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியே பிடிக்கவில்லை. “ஏன்மா, மைவி வாங்கினா என்ன? நாடே அதைத்தானே ஓட்டுது?” என்றார். நியாயமான கேள்வி. மைவியில் முதல் மூன்று நிபந்தனையும் நிறைவேறும். நான்காவதுக்காகத்தான் ஒரு மாதம் அலைந்தேன்.

ஓட்டிப் பார்த்த கதை

ஷோரூமில் சோதனை ஓட்டம் என்றால் பெரும்பாலும் பத்து நிமிடம். நேராகப் போய், யூ-டர்ன் அடித்து, திரும்பி வருவது. ஓரிடத்தில் விற்பனையாளர் சாவியை நேராக என் கணவரிடம் நீட்டினார். “நான் குழந்தைகூடப் பின்னாடி உட்கார்றேன். அவங்கதான் ஓட்டுவாங்க” என்றார் இவர். விற்பனையாளர் அதன்பின் வழியெல்லாம் “அக்கா, மெதுவா, மெதுவா” என்றபடியே வந்தார்.

எங்கே போனாலும் நான் கேட்டது ஒன்றுதான். தாமானுக்குள் நாலு வேகத்தடை, ஒரு வட்டச் சாலை, நெடுஞ்சாலையில் ஏறும் வளைவு, கடைசியில் ஒரு பேரங்காடியின் மாடிக் கார் நிறுத்துமிடம். என் தினசரி வாழ்க்கை அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் ஹோண்டா சிட்டி ஹேட்ச்பேக்கின் ஹைப்ரிட். பெரும்பாலான நேரம் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். பெட்ரோல் இயந்திரம் மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். 253 நியூட்டன் மீட்டர் இழுவிசை மிதித்தவுடனே கிடைப்பதால் சந்திப்புகளில் சுறுசுறுப்பாகக் கிளம்புகிறது. பின் இருக்கையின் அடிப்பகுதியை மேலே மடக்கினால் தள்ளுவண்டி நின்றபடியே நுழைகிறது. என் கணவர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். எனக்கு எல்லாம் பிடித்தது. ஆனால் இறங்கி நடக்கும்போது ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்தது பழைய கார் சந்தையில் ஒரு எட்டாம் தலைமுறைக் கோல்ஃப் ஜிடிஐ. 2022 முதல் பகாங்கிலுள்ள பெக்கானில் பொருத்தப்பட்ட கார். 245 குதிரைசக்தி, 370 நியூட்டன் மீட்டர். கியரை அதுவே கண் சிமிட்டும் நேரத்தில் மாற்றிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் அது காட்டிய பிடிமானத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் அந்த வளைவு முடிவதற்குள்ளேயே முள் 110ஐத் தொட்டுவிட்டது. கார் அப்போதுதான் சோம்பல் முறித்து எழுந்திருந்தது. என் சட்டப்படியான வேகம் அங்கே முடிந்துவிட்டது.

மூன்றாவது எம்ஜி 4 எக்ஸ்பவர். முழுக்க மின்சாரம், 435 குதிரைசக்தி, 600 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.8 விநாடி போதும். காலியான சாலையில் ஒரே ஒரு முறை அழுத்தினேன். என் கைப்பை பின்னால் பறந்தது. மகள் கைதட்டினாள், கணவர் “போதும்மா” என்றார். இரண்டாவது முறை அழுத்தியபோது முதல் முறையின் வியப்பு பாதிதான் இருந்தது. வானொலியில் இருப்பதால் என் காதுக்கு ஒரு பழக்கம்: ஒலி ஏறி இறங்குவதை வைத்தே வேகத்தை உணர்வேன். இங்கே மௌனம். பல நவீன டர்போ கார்களில் இயந்திர ஒலியை ஒலிபெருக்கி வழியாகக் கூட்டித் தருகிறார்கள். ஸ்டூடியோவில் நானே கைதட்டல் ஒலி சேர்க்கிறவள். எது அசல், எது சேர்த்தது என்று எனக்குக் கேட்டுவிடும்.

நண்பர் ஒருவர் தன் டொயோட்டா ஜிஆர் யாரிஸின் சாவியைக் கொடுத்தார். உலக ரேலிக்காகவே பிறந்த கார். மூன்று சிலிண்டர் 1.6 டர்போ, 261 குதிரைசக்தி, நான்கு சக்கரத்துக்கும் சக்தி. ரேலி என்றதும் 2002இல் புரோட்டோன் பெர்ட் காரில் தயாரிப்புக் கார்களுக்கான உலகப் பட்டத்தை வென்ற நம் நாட்டுக் கரம்ஜிட் சிங் நினைவுக்கு வந்தார். அந்தப் பெருமையோடு ஓட்டி முடித்தேன். ஆனால் கதவு மூன்றுதான்! 2021இல் இங்கே வந்தபோதே விலை மூன்று லட்சம் ரிங்கிட்டை நெருங்கியது. நன்றி சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியாக, ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஒரு ரீகண்டிஷன் சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 1.4 டர்போ, 140 குதிரைசக்தி, ஆறு கியர் மேனுவல். சக்தி என் பழைய காரின் அதே அளவுதான். ஆனால் எடை 970 கிலோ. ஐந்து கதவு. ஐசோஃபிக்ஸ் உண்டு, நிலைப்புக் கட்டுப்பாடும் உண்டு. தாமானை விட்டு வெளியே வரும் முதல் வளைவில், மணிக்கு 40இல், இரண்டாவது கியரில், என்னையறியாமல் சிரித்தேன். பின்னால் கணவர், “ஆச்சா?” என்று கேட்டார்.

அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. ஒரு கார் எவ்வளவு வேகம் போகும் என்பதைவிட, எந்த வேகத்தில் சந்தோஷம் தரத் தொடங்குகிறது என்பதே எனக்குப் பெரிய கேள்வி. 150இல் தொடங்கும் சந்தோஷத்தை ஜொகூர் சாலையில் அனுபவிக்க வேண்டுமென்றால் சட்டத்தையோ மோட்டார் சைக்கிள்காரர் ஒருவரையோ இடிக்க வேண்டியிருக்கும். 40இல் தொடங்கும் சந்தோஷத்தைத் தினமும் வேலைக்குப் போகும் வழியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

பணக் கணக்கு

சந்தோஷத்துக்கும் மாதத் தவணை உண்டு. இளையவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு லட்சம் ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுக்கு மாதம் ஏறக்குறைய 1,176 ரிங்கிட். வட்டி மட்டும் 27,000. ஐந்து ஆண்டுக்கு மாதம் 1,917 வரும், வட்டி 15,000. “மாசம் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிதானே” என்று ஒன்பது ஆண்டில் கையெழுத்துப் போடும்போது, வித்தியாசமான 12,000 ரிங்கிட் கண்ணில் படுவதில்லை. ஐந்து ஆண்டுத் தவணையைக் கட்ட முடியாத கார் எனக்கான கார் அல்ல என்று கோடு போட்டேன். அந்தக் கோட்டிலேயே கோல்ஃப் வெளியே போனது.

சாலை வரி இங்கே இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் 1.4 லிட்டர் ஸ்விஃப்ட்டுக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட், 1.5 லிட்டர் சிட்டிக்கு 90, இரண்டு லிட்டர் கோல்ஃபுக்கு 372. மின்சாரக் கார்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 இறுதியோடு முடிந்து, இப்போது மோட்டாரின் சக்தியை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

ஸ்விஃப்ட்டிலும் குறை உண்டு. பின்பெட்டி 265 லிட்டர்தான். தள்ளுவண்டியை வைத்தால் சந்தைக்குப் போன பைகள் மடியில்தான். ஜப்பானில் இந்தக் காருக்கு உயர் ஆக்டேன் எண்ணெயே சொல்லப்பட்டிருப்பதால், 1.99 ரிங்கிட் மானிய ரோன் 95 பக்கம் போகாமல், சிங்கப்பூர்க் கார்களோடு ரோன் 97 வரிசையில் நிற்க வேண்டும். ரீகண்டிஷன் கார் வாங்குவோர் ஜப்பானிய ஏல அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள தரத்தையும் ஓடிய தூரத்தையும் காரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பிறகு நம்பிக்கையான பட்டறையில் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். என் பட்டறை அண்ணன் அரை மணி நேரம் கீழே படுத்திருந்து எழுந்து வந்து, “எடு தங்கச்சி” என்ற பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

நீங்கள் வாங்கப் போவது எந்தக் காராக இருந்தாலும் மூன்று விஷயம். வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். உங்கள் வழக்கமான சாலையில், உங்கள் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். காகிதத்தில் உள்ள குதிரைகளை எண்ணிக் கடன் வாங்காதீர்கள். அவற்றில் பாதியை நம் சாலைகளில் அவிழ்த்துவிடவே முடியாது.

சத்ரியாவை இருபத்து நாலு வயதுத் தம்பி ஒருவருக்கு விற்றேன். சேர்த்து வைத்திருந்த சர்வீஸ் ரசீதுகள் முழுவதையும் கொடுத்தேன். விலையில் ஐந்நூறு வெள்ளி குறைத்து, அந்தப் பணத்தில் நல்ல டயர் போட்டுக்கொள்ளச் சொன்னேன். “மழையில இந்தக் காருக்கு வேற துணை இல்ல தம்பி, நீங்கதான் துணை” என்றேன். அடுத்த வாரம் புது டயரின் படத்தை அனுப்பியிருந்தார்.