சம்பளச் சீட்டும் சேமநிதியும்

சம்பளம் கைக்கு வந்ததும் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைக்கு எவ்வளவு, கிள்ளான் வீட்டு வாடகைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறோம். சம்பளச் சீட்டில் சேமநிதிக்கென்று பிடித்த தொகை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறோமா?

ஊழியர் சேமநிதி நம் நாட்டில் 1951-இல் தொடங்கியது. அறுபது வயதுக்கு உட்பட்ட மலேசியத் தொழிலாளியின் சம்பளத்தில் இன்று நூற்றுக்கு 11 பங்கு பிடிக்கப்படுகிறது. சம்பளம் 5,000 வெள்ளிக்குள் இருந்தால், முதலாளி தம் கையிலிருந்து நூற்றுக்கு 13 பங்கு சேர்க்க வேண்டும். 1,700 வெள்ளி சம்பளக்காரருக்கு அவர் பங்கு 187, முதலாளி பங்கு 221, ஆக மொத்தம் 408 வெள்ளி. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இது சேமநிதி வாரியத்தைச் சேர வேண்டும்.

சீட்டில் 187 என்று அச்சிட்டிருப்பதாலேயே பணம் கட்டியாயிற்று என்று பொருளல்ல. வாரிய அலுவலகத்திலோ கைத்தொலைபேசியிலோ நம் கணக்கைப் பார்த்து, சீட்டோடு மாதந்தோறும் ஒப்பிடுவோம். குறைவிருந்தால் முதலாளியைக் கேட்போம். பயனில்லையென்றால் சீட்டுகளுடன் வாரியத்தில் புகார் செய்வோம். பிடித்த பணத்தைக் கட்டாமலிருப்பது சட்டப்படி குற்றம்.

இன்னொன்று: போனசுக்குச் சந்தா உண்டு, ஓவர்டைமுக்குக் கிடையாது. ஓவர்டைமால் மாத வருமானம் பெருகினாலும் முதுமைக்கான சேமிப்பு அதனால் பெருகுவதில்லை. ஆகவே அந்த மிகுதியில் ஒரு பகுதியை நாமே ஒதுக்கி வைக்க வேண்டும்.

பழைய சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வைப்போம். வழக்கு என்று வந்தால் அவைதாம் நமக்குச் சாட்சி.