சிறு செலவில் ஒரு வீட்டுத்தோட்டம்: இலண்டன் வாழ் எம்மவர்க்குச் சில குறிப்புகள்

தமிழ்க் கடையில் ஒரு பிடி முளைக்கீரையைக் கையிலெடுத்து, விலையைக் கேட்டபின் அதே இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிய அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. ஊரிலே கிணற்றடி வாய்க்காலோரத்தில் கேட்பாரற்று வளர்ந்த கீரை, இங்கு விமானமேறி வருவதனால் விலையும் ஏறிவிடுகின்றது. மறுபுறத்தில், வாடகைக்கு எடுத்த வீட்டின் கோடிப்புறத்தில் உள்ள சிறு புற்றரையோ பழைய மெத்தையையும் உடைந்த சைக்கிளையும் சுமந்தபடி கிடக்கின்றது. அந்த நிலத்துண்டை, கையிலுள்ள சொற்பப் பணத்தைக் கொண்டு, குடும்பத்திற்குப் பயன்தரும் தோட்டமாக்குவது எவ்வாறு என்பதனையே இங்கு எழுத விழைகின்றோம்.

முதலில் எமது தவறைச் சொல்லிவிடுகின்றோம். தோட்டப் பொருட்கள் விற்கும் பெரிய கடையொன்றிற்குச் சென்று, பலகைப் பாத்தி, பைகளில் அடைத்த மண், புதிய கருவிகள் என நூறு பவுணுக்கு மேல் கொடுத்துவிட்டு வந்தோம். ஏப்ரல் மாதத்தில் நல்ல வெயிலைக் கண்டதும் கத்தரி, மிளகாய், வெண்டி விதைகளை நேரே நிலத்தில் ஊன்றினோம். ஒன்றேனும் முளைக்கவில்லை. அவ்வேளை எம்மிடம் வந்திருந்த வயதான தாயார் ஒருவர், வடமராட்சியில் வெங்காயமும் புகையிலையும் செய்கைபண்ணிய குடும்பத்தவர், குனிந்து மண்ணிலே புறங்கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, இஞ்சை வெயில் எறிக்குது, ஆனா மண் சுடேல்லை" என்றார். நூறு பவுண் செலவழித்தும் எமக்குத் தெரியாமற் போனது அதுதான்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகற்பொழுது 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். இலண்டனில் யூன் மாதத்தில் அது பதினாறரை மணித்தியாலத்தைத் தாண்டும். டிசம்பரில் எட்டு மணித்தியாலத்திற்கும் குறைந்துவிடும். மே மாத நடுப்பகுதி வரையிலும் இரவில் உறைபனி இறங்கக்கூடும். கத்தரி, மிளகாய் விதைகள் நன்கு முளைப்பதற்கு 20 பாகை செல்சியஸிற்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே அவற்றைப் பெப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ வீட்டினுள்ளேயே போடவேண்டும். இதற்கென நாற்றுத்தட்டு வாங்கவேண்டியதில்லை. அடியிலே துளையிட்ட வெற்று யோகட் குவளைகள் போதும். முளைக்கும்வரை வெப்பமூட்டிக்கு அருகில் வைத்து, முளை தெரிந்த அன்றே தெற்கு நோக்கிய யன்னலுக்கு மாற்றிவிடுங்கள். பிந்தினால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும். தக்காளியை மார்ச் இறுதியில் போட்டாலும் பிந்தாது. மே நடுப்பகுதியில் நாற்றுக்களைப் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்து, பத்து நாட்கள் பழக்கியபின், மாத இறுதியில் நடலாம்.

எல்லாம் இங்கு வரும் என நம்பி ஏமாறவும் வேண்டாம். வெண்டி, புடோல், பயிற்றங்காய் ஆகியவை கண்ணாடிக்கூடம் இல்லாமல் இலண்டனில் ஒழுங்காகக் காய்ப்பதில்லை. பயிற்றங்காய்க்குப் பதிலாகக் கொடியில் ஏறும் போஞ்சியை நடுங்கள். ஒரு பிடி விதை கோடை முழுவதும் கறிக்குப் போதிய காய் தரும். கத்தரியைத் தெற்குப் பார்த்த சுவரோரம் சாடியில் வைத்தால், சிறுகாய் இனங்களில் ஓரளவு பலன் காணலாம். பூசணிக்கும் தக்காளிக்கும் இந்தக் கோடை போதுமானது.

காசை மிச்சம்பிடிப்பதே நோக்கமாயின், கடையில் மலிவாகக் கிடைக்கும் உருளைக்கிழங்கிற்கும் வெங்காயத்திற்கும் சிறு நிலத்தை ஒதுக்குவது வீண் என்பது எமது கருத்து. விலைகூடிய இலைவகைகளுக்கே இடங்கொடுங்கள். சமையலுக்கு வாங்கிய வெந்தயத்தில் ஒரு பிடியை மே மாதத்தில் தூவினால் சில நாட்களில் முளைத்து, ஐந்தாறு வாரத்தில் வெட்டத் தயாராகிவிடும். கொத்தமல்லியை மெல்ல நசித்து இரண்டாகப் பிளந்து போடவேண்டும். அது நீண்ட கோடைப் பகலில் விரைந்து பூத்துவிடுவதனால், ஏப்ரலிலும் பின்னர் ஓகஸ்ட் இறுதியிலும் விதைப்பதே நன்று. கடையில் வாங்கிய புதினாவின் தண்டு ஒன்றைத் தண்ணீரில் வைத்தால் வேர்விடும். ஆனால் அதனைச் சாடியிலன்றி நிலத்தில் நடாதீர்கள், முழு வளவையும் பிடித்துவிடும். முளைக்கீரை யூன் முதல் செப்டெம்பர்வரை நன்கு வளரும். உள்ளிப் பற்களை ஒக்டோபரிலோ நவம்பரிலோ ஊன்றிவிட்டு மறந்துவிடலாம். யூலையில் கிண்டி எடுக்கலாம். கேல் எனப்படும் சுருளிலைக் கோவா உறைபனியையும் தாங்கி நிற்கும். அதனைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவுடன் வறை செய்தால், முருங்கையிலை வறையை நினைந்து ஏங்கும் நாவும் ஓரளவு அடங்கும்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியுள்ளது, பணம் அதிகம் போவது அதிலேதான். 1990களில் வடக்கிற்கு யூரியா உரம் தடைசெய்யப்பட்டிருந்த வேளையில், எம்மவர் பூவரசங் குழையையும் மாட்டெருவையும் தாழ்த்துப் பயிர் செய்தனர். அந்த அறிவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள்போல் இங்கு நாம் பைமண்ணுக்குக் காசைக் கொடுக்கின்றோம். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, மையில்லாத மட்டை என்பவற்றை ஒரு மூலையில் குவித்து, இடையிடையே கிளறிவிட்டால் ஓராண்டிற்குள் நல்ல எரு கிடைக்கும். சமைத்த உணவும் இறைச்சியும் போடவேண்டாம், எலி வரும். இலையுதிர் காலத்தில் வளவில் விழும் இலைகளைத் துளையிட்ட கறுப்புப் பைகளில் ஈரத்துடன் கட்டி வைத்தால், ஓரிரு ஆண்டுகளில் அவை உக்கி மண்ணை இளக்கும்.

குதிரை லாயங்களில் எருவை இலவசமாகவே தருவார்கள். அதிலே ஓர் ஆபத்து உண்டு. புல்வெளிகளில் களைகளுக்கு விசிறப்படும் அமினோபைரலிட் என்னும் மருந்து, புல்லைத் தின்ற குதிரையின் எருவிலும் தங்கிவிடுகின்றது. 2008ஆம் ஆண்டு பிரித்தானியாவின் பல பாகங்களில் இதனாலேயே தக்காளியும் போஞ்சியும் உருளைக்கிழங்கும் இலை சுருண்டு கெட்டன. ஆகவே எருவைக் கலந்த மண்ணில் முதலில் சில போஞ்சி விதைகளை முளைக்கவிட்டுப் பாருங்கள். இலை கோணாமல் வந்தால் மாத்திரம் பாத்தியில் இடுங்கள். இன்னொன்று: மிகப் பழைய வீடுகளின் சுவரோர மண்ணில், முற்காலத்து வர்ணப்பூச்சிலிருந்து உதிர்ந்த ஈயம் கலந்திருக்கக்கூடும். அவ்வாறான இடத்தில் கீரைவகைகளைச் சாடிகளில் வளர்ப்பதும், சிறுவர்கள் மண்ணளைந்த கையைக் கழுவச் செய்வதும் அவசியம்.

தண்ணீருக்குக் கூரைப் பீலியின் கீழ் ஒரு பீப்பாய் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஓகஸ்டில் இலண்டனில் இறப்பர்க் குழாயால் நீர் பாய்ச்சுவது தடைசெய்யப்பட்டபோது, பீப்பாய் வைத்திருந்தவர்களின் தோட்டங்களே சிரமமின்றித் தப்பின.

பழமரம் என்றதும், "வாடகை வீட்டிலே மரம் வைத்து யாருக்குப் பயன்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓராண்டில் இரு வீடு மாறிய குடும்பங்களை நாம் அறிவோம். ஆகையால் கூடவே எடுத்துச்செல்லத்தக்கவற்றைச் சாடியில் வையுங்கள். ஸ்ரோபெரிச் செடி கோடையில் விடும் ஓடுதண்டுகளைச் சிறு குவளையில் பதித்தால் ஒன்று பத்தாகும்; தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டால் முதற்செடியும் இலவசம். அத்திமரம் சாடியில் வேர் நெருங்கி நிற்கும்போதே நன்கு காய்க்கும். அப்பிள் வாங்குவதாயின், கன்றிலுள்ள சீட்டில் ஒட்டுக்கட்டையின் இலக்கத்தைக் கவனியுங்கள். கென்ற் மாவட்டத்தின் ஈஸ்ற் மோலிங் ஆய்வு நிலையத்தின் பெயரால் வழங்கும் எம் வரிசையில், எம்.9 என்பது இரண்டு, மூன்று மீற்றருக்குள் நின்றுவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை சாடியின்றி வெறும் வேருடன் விற்கப்படும் கன்றுகளே மலிவானவை. நிலத்தில் எதனையேனும் நடுவதாயின், வீட்டுச் சொந்தக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்வது பின்னர் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

கறிவேப்பிலையும் சாடியில்தான். வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே செல்லத் தொடங்கும் ஒக்டோபரில் உள்ளே எடுத்து, வெளிச்சமான யன்னலருகில் வைத்து, தண்ணீரை வெகுவாகக் குறைத்துவிடுங்கள். மாரியில் இலை கொட்டினாலும் பதறவேண்டாம். பட்டுவிட்டதென்று எறியப்பட்ட கன்றுகளிற் பல தண்ணீர் கூடி அழுகியவையே. ஊருக்குச் சென்று திரும்புவோர் கன்றுகளையும் நடுவதற்கான விதைகளையும் தாவரநலச் சான்றிதழின்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது சட்டவிரோதம் என்பதனையும் குறிப்பிடவேண்டும். இங்குள்ள ஒருவரிடம் ஒரு பக்கக்கன்றைப் பெற்றுக்கொள்வதே சுலபம்.

கோடிப்புறமே இல்லாத மாடிவீட்டுக்காரர்கள் உள்ளூராட்சிச் சபையிடம் அலொட்மென்ற் எனப்படும் தோட்டத்துண்டிற்கு விண்ணப்பிக்கலாம். முழுத்துண்டு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். ஒரு குடும்பத்திற்கு அதில் பாதியே தாராளம். பல இடங்களில் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேரும் என்பதனால் இன்றே பெயரைப் பதிந்துவிடுங்கள். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தமது பகுதியில் தோட்டத்துண்டுகள் தேவையென ஆறு வாக்காளர்கள் எழுத்தில் கோரினால் சபை அதனைக் கருத்திலெடுத்தல் வேண்டும்; உள் இலண்டன் சபைகளுக்கு மாத்திரம் அக்கடப்பாடு இல்லை. இலங்கைக் குடியுரிமை உடையோர் பொதுநலவாய நாட்டவர் என்பதனால், இங்கு தங்கும் அனுமதி பெற்றவர்கள் வாக்காளராகப் பதியலாம் என்பது எம்மவர் பலருக்குத் தெரிவதில்லை.

மண்ணிலே புறங்கையை வைத்துப் பார்த்த அந்தத் தாயார், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் இருட்டும்வரை யன்னலோரம் தனியே இருந்தவர். மகனுக்கு அரைத்துண்டு கிடைத்த பின்னர், சனிக்கிழமைகளில் விடியுமுன்னரே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கின்றார். அடுத்த துண்டு யமேக்கா நாட்டு மூதாட்டி ஒருவருடையது. அவர் 'கலலூ' என்று வளர்ப்பது எமது கீரையின் இனத்தையே சேர்ந்தது. இவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சென்ற செப்டெம்பரில் இருவரும் காய்ந்த கீரைக் கதிர்களை ஒரே பழந்துணியில் உதிர்த்து, புடைத்து, விதையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். எமக்கும் ஒரு தேக்கரண்டி விதை கிடைத்தது. யூன் முதற்கிழமையில் போடச்சொல்லிக் கட்டளை.