மாடித்தோட்ட மிளகாய்: எப்போ பறிக்கணும், காரம் எங்கே இருக்கு?

மதுரையில் மாடியில் மிளகாய் வைத்தவர்களிடம் பேசினால் இரண்டு புகார்தான் வரும். "பூ பூக்குது, ஆனா காய் நிக்க மாட்டேங்குது." காய் நின்றுவிட்டால், "கடையில வாங்குற காய் மாதிரி காரமே இல்ல."

முதல் புகாருக்கு வெயில்தான் முக்கியக் காரணம். பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மிளகாய்ச் செடி பூவை உதிர்க்கத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் மதுரை மொட்டை மாடி எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவே வேண்டாம். உடனே உரத்தை அள்ளிக் கொட்டாதீங்க. தழைச்சத்து கூடினால் இலைதான் செழிக்கும். பச்சை நிழல்வலை கட்டுவது அதைவிடப் பலன் தரும். இன்னும் சுலபமான வழி, பக்கத்து ராமநாதபுரத்தைப் பார்ப்பது. அங்கே குண்டு மிளகாயை வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த முண்டு மிளகாய் மானாவாரிப் பயிர்.

சரி, காரம்?

காரத்துக்குக் காரணம் கேப்சைசின். அது விதையில் உருவாவதில்லை. காயை நீளவாக்கில் கீறினால் விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதை தெரியும் இல்லையா, அங்கேதான் உருவாகிறது. விதையைச் சுரண்டும்போது அந்தச் சதையும் சேர்ந்து வந்துவிடுவதால்தான் காரம் குறைகிறது. பழி விதை மேல். காம்புப் பக்கம் காரம் அதிகம், நுனியில் குறைவு. நுனியை மட்டும் கடித்துப் பார்த்துவிட்டு "காரமே இல்ல" என்று முடிவு கட்டினால் அடுத்த வாயில் தெரியும்.

பிஞ்சிலும் காரம் குறைவுதான். பூத்து சுமார் 40 முதல் 50 நாளில், அதாவது நிறம் மாறத் தொடங்கும் சமயத்தில், காரம் உச்சத்தை நெருங்கும். முழுசாகச் சிவந்தபின் இனிப்பும் சேர்வதால் நாக்குக்கு வேறு மாதிரி தெரியும். ஆகவே சிவப்பு என்றாலே அதிகக் காரம் என்று நினைக்க வேண்டாம். ரகம்தான் முதலில் தீர்மானிக்கிறது. 1912-ல் வில்பர் ஸ்கோவில் தொடங்கிவைத்த அளவுகோலில் குடமிளகாய்க்குப் பூஜ்யம். 2007-ல் கின்னஸில் ஏறிய வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜோலோக்கியாவுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். குடமிளகாயை எப்படி வளர்த்தாலும் காரம் வராது.

ரகத்துக்கு அடுத்து தண்ணீர். பல ரகங்களில், லேசாகக் காய விட்டு ஊற்றினால் காரம் கூடும். தினமும் இரண்டு வேளை ஊற்றிச் செல்லம் கொடுத்த செடியில் காரம் மட்டுப்படலாம். மேல்மண் காய்ந்தபின் ஊற்றுங்க. அதுக்காக இலை தொங்கும்வரை விட்டால் பூவும் கொட்டிவிடும்.

பறிக்கும் பக்குவத்துக்கு நிறத்தைவிட விரல் உதவும். பச்சையாகப் பறிக்க, காய் முழு நீளம் வந்து, தோல் இறுகிப் பளபளப்பாக, அமுக்கினால் கெட்டியாக இருக்கணும். முதல் காய்களைப் பச்சையாகவே பறித்தால் செடி மேலும் பூக்கும். வற்றலுக்கும் விதைக்கும் என்றால் செடியிலேயே முழுசாகச் சிவக்கட்டும். அரைகுறையாகச் சிவந்ததைக் காயவைத்தால் வெளுத்துப்போகும்.

ருசி பார்த்து வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால், தயிர் குடிங்க. மதுரைக்காரர்களுக்கு ஜிகர்தண்டா என்ற சாக்கும் இருக்கு. கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்க.

சிவக்க விட்ட காய்களுக்கு வலை போட மறக்காதீங்க. பறவைகளுக்குக் காரம் உறைக்காது. கிளி வந்தால் ஒரு காலையிலேயே செடி காலி.