ஆந்திராவுக்குள் ஒரு புதுச்சேரி, தெலுங்குக்குள் நம்ம போலீஸ்: தெரியுமா?

லஞ்சம் வாங்கும் அமைச்சர், பறக்கும் ஜீப், ஒரே அடியில் பத்துப் பேர். தெலுங்குப் போலீஸ் படம் என்றால் அவ்வளவுதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காக்கிக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

கதாநாயகியின் அசல் ராஜ் நிவாஸில்!
1990-இல் வந்த தெலுங்குப் படம் 'கர்த்தவ்யம்'. தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஊழல்வாதிகளை ஓட ஓட விரட்டிய விஜயசாந்திக்குத் தேசிய விருதே கிடைத்தது. அவர் முதலில் நடித்தது எந்த மொழியில் தெரியுமா? தமிழில், 'கல்லுக்குள் ஈரம்' படத்தில்! 'கர்த்தவ்யம்' நாயகிக்குத் தூண்டுதலாக இருந்தவர், 1972-இல் ஐ.பி.எஸ். பணியில் சேர்ந்த இந்தியாவின் முதல் பெண் அதிகாரி கிரண் பேடி. அதே கிரண் பேடிதான் 2016 முதல் 2021 வரை ராஜ் நிவாஸில் அமர்ந்திருந்த புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர்!

தெலுங்கு பேசும் புதுச்சேரி!
ஆந்திராவின் கோதாவரிக் கரையில், நாலாபுறமும் ஆந்திரா சூழ, ஒரு சின்ன ஊர். பெயர் ஏனாம். புதுச்சேரி நகரத்திலிருந்து 800 கிலோமீட்டருக்கும் மேலே! ஆனாலும் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் 1954-இல் புதுச்சேரி, காரைக்கால், மாஹேயோடு சேர்ந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962-இல். அங்கே தெலுங்கு பேசியபடி ரோந்து போகும் காவலரும் புதுச்சேரி போலீஸ்தான்!

சிவப்புத் தொப்பி ரகசியம்!
சினிமாப் போலீஸுக்குக் கறுப்புக் கண்ணாடி அடையாளம். நம்ம புதுச்சேரிக் காவலருக்கு? பளிச்சென்ற சிவப்புக் கெப்பி! வட்டமான, மேலே தட்டையான இந்தத் தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. ஆட்சி போனது, தொப்பி போகவில்லை!

போலீஸ் ஒருவர், குரல் இன்னொருவர்!
'இதுதாண்டா போலீஸ்' என்று தமிழ்நாட்டையே கலக்கியது தெலுங்கின் 'அங்குசம்'. அதில் மிரட்டிய ராஜசேகர் தேனிப் பக்கத்துக்காரர், படித்தது மருத்துவம்! தெலுங்கில் அவருக்குக் கர்ஜித்த குரல் சாய்குமாருடையது. அந்தச் சாய்குமாரே 1996-இல் கன்னட 'போலீஸ் ஸ்டோரி'யில் காக்கி மாட்டித் தூள் கிளப்பினார். இந்தியில் 'அங்குசம்' ஆனது 'பிரதிபந்த்'. சிரஞ்சீவியின் முதல் இந்திப் படம்!

போலீஸ் ஆன திருடன்!
ராஜமௌலியின் 'விக்ரமார்க்குடு' (2006) பார்த்தீர்களா? ஒரு சில்லறைத் திருடன், அச்சு அசலாகத் தன்னைப்போலவே இருந்த நேர்மையான அதிகாரி இறந்ததும், அவர் காக்கிக்குள் நுழைகிறான். தமிழில் 2011-இல் கார்த்தி நடித்த 'சிறுத்தை' இதுதான். படம் ஓடிய ஓட்டத்தில் இயக்குநர் சிவா, 'சிறுத்தை' சிவாவே ஆகிவிட்டார்!

லஞ்சம் வாங்கவே போலீஸ்!
2015-இல் தெலுங்கில் 'டெம்பர்'. கல்லா கட்டுவதற்காகவே போலீஸில் சேரும் நாயகன், ஒரு கட்டத்தில் மனம் மாறி ஊழலையே எதிர்க்கிறான். ஜூனியர் என்.டி.ஆர். செய்ததை இந்தியில் ரன்வீர் சிங் 'சிம்பா'வாகவும், தமிழில் விஷால் 'அயோக்யா'வாகவும் செய்தார்கள்.

போலீஸ் வேண்டாம், ரவுடிதான்!
அதே 2015-இல் வந்த தமிழ்ப் படம் 'நானும் ரௌடிதான்'. கதை நடப்பது புதுச்சேரித் தெருக்களில். அம்மா ராதிகா இன்ஸ்பெக்டர். மகன் விஜய் சேதுபதியையும் போலீஸாக்கத் துடிக்கிறார். மகனோ ரவுடியாவேன் என்று அடம்! ரவுடிதான் போலீஸைவிடப் பெரியவன் என்ற எண்ணம் சின்ன வயதில் அவன் மனசில் விழுந்த இடம் எது தெரியுமா? காவல் நிலையம்!

அசலாகவோ டப்பிங்காகவோ ரீமேக்காகவோ, நல்ல போலீஸ் கதைக்கு மொழி எல்லையே கிடையாது. இதில் உங்களுக்கு முன்பே தெரிந்தவை எத்தனை? எண்ணிச் சொல்லுங்கள், பார்க்கலாம்!