ஓட்டத்திற்கு முன் விழுங்கும் குளிசை

சித்திரைப் புத்தாண்டையும் கோயில் உற்சவங்களையும் ஒட்டி நடைபெறும் துவிச்சக்கரவண்டி ஓட்டங்களுக்கு ஆயத்தமாகும் வாகரை இளைஞர் சிலர், வீட்டில் எவருக்கோ தொய்வுக்கென வைத்தியர் கொடுத்த பிரெட்னிசொலோன் குளிசையை, மூச்சு இலகுவாகும், களைப்புத் தெரியாது என்ற விசுவாசத்தில் விழுங்குவதைக் கேள்விப்படுந்தோறும் மனம் பதைக்கிறது. நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வீதம் ஒரு வாரம் உட்கொண்டவர்கள் கூடுதலான நேரம் மிதித்தனர் என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கண்டது மெய். ஒரே வேளையில் 20 மில்லிகிராம் உட்கொண்டவர்களுக்கு அந்த அனுகூலம் கிட்டவில்லை என்பதும் மெய். ஆகவே ஓட்டத்தன்று காலையில் விழுங்குபவர் பயனேதுமின்றி ஊக்கமருந்துக் குற்றத்துக்கு ஆளாகிறார். வாரக்கணக்கில் விழுங்குபவரோ, சிறுநீரகங்களின் மேல் அமைந்த அதிரீனற் சுரப்பிகள் தம் தொழிலில் சோர்வுற, இரத்தத்தில் சீனி ஏறவும், தசையும் எலும்பும் நலியவும், கிருமிகளை எதிர்க்கும் வல்லமை குன்றவும் இடங்கொடுத்து, திடீரென நிறுத்தும் நாளில் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயங்கும் அபாயத்தையும் தேடிக்கொள்கிறார்.

வைத்தியர் துண்டின்றி இந்தக் குளிசையை எடுத்துக் கொடுக்கும் பாமசிக்காரரும், இதைப்பற்றி ஒரு வார்த்தையும் கூறாமல் போட்டி விண்ணப்பம் வாங்கும் உத்தியோகத்தரும் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் விதிப்படி, போட்டிக் காலத்தில் பிரெட்னிசொலோன் வகை மருந்துகள் குளிசையாகவோ, 2022 முதல் எவ்வித ஊசியாகவோ உடலில் சேர்தல் ஆகாது. உறிஞ்சும் பம்பும் தோலுக்குரிய களிம்பும் விலக்குப் பெற்றவை. போட்டிக்கு முன், பிரெட்னிசொலோன் குளிசை நின்று 3 நாளும், அதே வகை மருந்தான ட்ரையம்சினோலோன் மூட்டில் ஏற்றப்பட்டால் 10 நாளும், தசையில் ஏற்றப்பட்டால் 60 நாளும் கழியவேண்டும். முழங்கால் நோவுக்கு ஊசி போடுமுன் ஓட்டத் திகதியை வைத்தியரிடம் சொல்லுங்கள், மறவாமல் சொல்லுங்கள்.

மெய்யாகவே நோயுற்றவருக்கு வழி உண்டு. தேசிய மட்டத்தில் ஓடுபவர், கொழும்பிலுள்ள இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்திடம், போட்டிக்கு 30 நாள் முன்னரேனும், சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு விண்ணப்பிக்கவேண்டும். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கிளினிக்குக்குச் செல்பவர், கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, மூச்சுப் பரிசோதனை முடிவு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, மருந்தின் பெயர், அளவு, செலுத்தும் வழி, காலம் ஆகிய நான்கையும் வைத்தியர் கையொப்பத்துடன் எழுதுவித்தல் அவசியம். உயிர் காக்கும் அவசர சிகிச்சையாயின் பின்னரும் விண்ணப்பிக்கலாம். ஆயினும் முன்திகதியிட்ட துண்டு எவரையும் காக்காது. 1999இல் டூர் டி பிரான்ஸ் துவிச்சக்கரவண்டி ஓட்டத்தில் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் என்ற வீரரின் சிறுநீரில் ட்ரையம்சினோலோன் கண்டபோது காட்டப்பட்ட களிம்புத் துண்டு அவ்வாறு புனையப்பட்டதே என்று பிற்கால விசாரணை வெளிப்படுத்தியது.

விலக்குக் கிடைத்த பின்னும் அதன் பிரதியைப் போட்டிக்கு எடுத்துச் சென்று, சிறுநீர் கொடுக்கும்போது படிவத்தில் மருந்தின் பெயரை எழுதுங்கள். அளவோ வழியோ மாறினால் புதிதாக விண்ணப்பியுங்கள்.