நிலைக்கு எவ்வளவு மரம் வேண்டும்?

ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு கட்டப் போகிறீர்களா? திருச்சி மரவாடிக்குப் புறப்படும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

மரத்துக்குக் கன அடியில்தான் விலை. 7 அடி உயரம், 3½ அடி அகல நிலைக்கு, நான்கு பக்கமும் சேர்த்து 21 அடி மரம் வேண்டும். கட்டை 5 அங்குலத்துக்கு 3 அங்குலமா? 5, 3, 21 மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுங்கள். 2¼ கன அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். இழைப்பில் போவது தனி!

எல்லா வாசலுக்கும் தேக்கு எதற்கு? தலைவாசலுக்குப் போடுங்கள். உள் அறைகளுக்கு வேம்பு போதும், விலை குறைவு. ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் முறுக்கிக்கொண்டால் கதவு சாத்தாது.

ஸ்ரீரங்கம் இரண்டு ஆற்றுக்கு நடுவே உள்ள ஊர், ஈரம் உண்டு. வைரம் பாயாத வெள்ளைக் கட்டையைக் கறையான் விடாது. பிறகு நிலையை மாற்றச் சுவரை இடிக்க வேண்டும்.